சாலையோர நாட்டுக்கோழி முட்டை: சான்றழுக்குக் கோட்பாட்டு நோக்கில் ஓர் ஆய்வு

தமிழாய்வில் கைபடாத பொருள் இனி ஒன்றுமில்லை என்று நிம்மதியாக இருப்போர்க்கு ஒரு கெட்ட செய்தி. உப்பு முதல் உலக்கை வரை எல்லாவற்றுக்கும் பின்னால் ‘ஓர் ஆய்வு’ என்ற வாலை ஒட்டி முடித்தாயிற்று. ஆனால் நெடுஞ்சாலையோரம் மேசை போட்டு நாட்டுக்கோழி முட்டையும் தோட்டத்துக் காய்கனியும் விற்கும் கடை பற்றி முறையான ஆய்வு ஏதும் எம் கண்ணில் படவில்லை. தேடினீர்களா என்று கேட்பது ஆய்வு நாகரிகம் அன்று. ‘இதுவரை எவரும் தொடாத களம்’ என்று முன்னுரையில் எழுத வேண்டுமானால் தேடாமல் இருப்பதே பாதுகாப்பு என்பது நெறியாளர்கள் வழிவழியாகக் கைமாற்றித் தரும் நெறி. எம் களம், ஸ்ரீநகரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடியும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், சேலம் தொடங்கி நாமக்கல், கரூர், திண்டுக்கல் வழியாக மதுரை வரையுள்ள பகுதி. இச்சாலைக்கு முன்பு 7 என்ற எண் இருந்தது. ஆகவே பலகையில் ‘என்.எச். 7’ என்று எழுதிய கடைகள் முற்காலத்தவை. 44 என்று எழுதியவை பிற்காலத்தவை. எண்ணே இல்லாதவை காலத்தால் மிகத் தொன்மையானவை, அல்லது பெயிண்டு தீர்ந்துபோனவை. எம் துணிபு இது: இக்கடைகளில் விலை போவது முட்டை அன்று. அம்முட்டையை நாட்டுக்கோழிதான் இட்டது என்பதற்கான சான்றே விலை போகிறது. முட்டை, அந்தச் சான்றை வைத்துக் கொடுப்பதற்கு ஏற்ற வடிவில் அமைந்த ஒரு பொருள், அவ்வளவே.

முட்டையோடு அதே மேசையில் வேறு சிலவும் இருக்கும். முழுமை கருதி வகைப்படுத்துகிறோம். பனங்கிழங்கு: இதற்குப் போலி செய்ய இன்னும் யாருக்கும் தோன்றவில்லையாதலால் ஆய்வுக்கு உதவாது. வெள்ளரிப் பிஞ்சு: வாங்கிய இடத்திலேயே தின்று தீர்க்கப்படுவதால் ஆவணப்படுத்த இயலவில்லை. முருங்கைக்காய்: கார் டிக்கியில் அடங்காது, விலக்கப்பட்டது. கொய்யா: பழனி, ஒட்டன்சத்திரம் பக்கம் சாலையோரத்தில் விற்கும் கொய்யா எல்லாம் ஆயக்குடிக் கொய்யாவே, ஆயக்குடியில் விளைவதும் அதில் சேர்த்தி. காம்போடு இரண்டு இலை பசுமையாக ஒட்டியிருந்தால் ‘இப்பத்தான் பறிச்சது’ என்றும், இலை வாடியிருந்தால் ‘காலையில பறிச்சது’ என்றும் பொருள். இலையே இல்லாவிட்டால் பேரம் பேசலாம். மலைத்தேன் சற்று விரிவான கவனத்துக்குரியது. வேறொரு திரவத்துக்காகச் செய்யப்பட்ட குவார்ட்டர் புட்டியில், தேனடைத் துணுக்கொன்றும் செத்த தேனீ ஒன்றும் மிதக்க, மலைத்தேன் விற்கப்படுகிறது. தேனீ செத்துக் கிடப்பது தேனின் தூய்மைக்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. சாம்பாரில் ஓர் ஈ கிடந்தால் இதே தருக்கத்தை எவரும் கையாளுவதில்லை. இந்த முரண்பாட்டை எப்படி விளக்குவது என்று சிந்தித்ததிலிருந்தே எம் கோட்பாடு பிறந்தது.

கோட்பாட்டை வரையறுப்போம். ஒரு பொருளின் மீது, அப்பொருளின் பகுதியாக இல்லாமல், அதன் பிறப்பை மெய்ப்பிக்கும்பொருட்டுத் தங்கியிருக்கும், அல்லது தங்கவிடப்பட்டிருக்கும், அயற்பொருளே சான்றழுக்கு எனப்படும். இக்கலைச்சொல்லை யாம் முதன்முதலாக வழங்குகிறோம். எடுத்தாள்வோர் அடிக்குறிப்பில் எம்மைச் சுட்டுக. இக்கோட்பாட்டைச் சோதிக்க 44ஆம் எண் சாலையைக்காட்டிலும் பொருத்தமான களம் வேறில்லை. ஏனெனில் அது நாமக்கல் வழியாகவே செல்கிறது. தமிழ்நாட்டு முட்டைத் தொழிலின் தலைநகரம் நாமக்கல். அங்குள்ள பண்ணைகளில் கூண்டின் அடிப்பகுதி கம்பியால் சரிவாக அமைக்கப்பட்டிருக்கும். கோழி இட்ட முட்டை அப்படியே உருண்டு முன்புறத்துத் தகட்டுக்கு வந்துவிடும். கோழியின் காலோ எச்சமோ அதன்மேல் படுவது அரிது. முப்பது குழியுள்ள அட்டையில் அடுக்கி லாரியில் ஏற்றினால் முடிந்தது. 1982இல் தொடங்கப்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அதற்கு விலையும் அறிவித்துவிடும். அண்மை ஆண்டுகளில் பண்ணை விலை ஐந்தாறு ரூபாயை ஒட்டி ஏறியிறங்கி வருகிறது. இந்த முட்டையூரை எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கடந்துபோகும் கார், சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் மேசையைக் கண்டதும் இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டுகிறது. அங்கே விலை இரண்டு மடங்கு, சில இடங்களில் மூன்று மடங்கு. எடையோ குறைவு. கூண்டுக்கோழி முட்டை ஐம்பது கிராமுக்கு மேல் தேறும். நாட்டுக்கோழி முட்டை நாற்பதை ஒட்டி நின்றுவிடும். எடை குறைந்து விலை ஏறினால், ஏறிய விலை எதற்கு என்பதே வினா. சுவைக்கு, நிறத்துக்கு, கருவுக்கு என்று சட்டென விடை சொல்வோர் உளர். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் நிறம். வெள்ளை முட்டை பண்ணை முட்டை, பழுப்பு முட்டை நாட்டு முட்டை என்பது பெருவழக்கு. ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்ததே அன்றி அதன் வாழ்க்கை முறையைப் பொறுத்ததன்று. பழுப்பு முட்டையிடும் கோழியைக் கூண்டில் அடைத்தாலும் பழுப்பு முட்டையே இடும். வெள்ளை லெகார்னை வாய்க்கால் வரப்பில் மேயவிட்டாலும் வெள்ளை முட்டையே இடும். பெரும்பாலான இனங்களில் காதுமடல் வெள்ளையாக இருந்தால் முட்டை வெள்ளை, சிவப்பாக இருந்தால் பழுப்பு என்பதும் கோழி வளர்ப்போர் அறிந்ததே. எனவே நிறத்தை ஆராய விரும்புவோர் முட்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கோழியின் காதைப் பார்ப்பது நல்லது; ஆனால் கோழிக்குக் காது எங்கே இருக்கிறது என்று கார்க்காரர்களுள் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இன்னொரு நுட்பமும் உண்டு. ஓடு உருவாக ஏறக்குறைய இருபது மணி நேரம் ஆகிறது. அதில் பழுப்புச் சாயம் பெரும்பாலும் கடைசிச் சில மணி நேரத்தில், வெளிப்புறத்தில் பூசப்படுகிறது. பழுப்பு முட்டையை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பார்த்தால் வெளிறிக் கிடக்கும். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நாட்டு முட்டை என்று விற்கிறார்கள் என அவ்வப்போது செய்தி வருகிறது; படித்தவர்கள் கொதிக்கிறார்கள். கூர்ந்து நோக்கினால், வெள்ளை ஓட்டின்மேல் கடைசி நேரத்தில் பழுப்பு பூசுவதே கோழியின் தொழில்நுட்பமும் ஆகும். கோழி செய்தால் இயற்கை, கடைக்காரர் செய்தால் கலப்படம். இதைக் கலப்படம் அன்று என்று நிறுவுவது எம் நோக்கமன்று. நிறம் சான்றாகாது என்பதே எம் நோக்கம்.

அடுத்து மஞ்சள் கரு. ‘உடைச்சுப் பாருங்க, கரு நல்லா ஆரஞ்சா இருக்கும்’ என்பது கடைகளில் வழங்கும் வாசகம். கருவின் நிறம் தீவனத்திலிருந்து வருகிறது. கீரையும் புல்லும் மக்காச்சோளமும் தின்னும் கோழிக்குக் கரு அடர்ந்து இருக்கும். இதைப் பண்ணைக்காரர்கள் நம்மைவிட முன்பே கண்டுகொண்டார்கள். செண்டுமல்லி இதழிலிருந்து பிரித்தெடுத்த சாயச் சத்தைத் தீவனத்தில் கலந்தால் கூண்டுக்கோழியின் கருவும் வேண்டிய அளவுக்கு நிறம் ஏறும். எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்ய வண்ண விசிறி ஒன்று இருக்கிறது. ரோஷ் நிறுவனத்தின் பெயரால் அறியப்பட்ட அவ்விசிறியில் வெளிர் மஞ்சள் தொடங்கி அடர் ஆரஞ்சு வரை 15 படிகள். பின்னர் அது 16 ஆயிற்று. இந்தப் பதினாறாம் படி இடைச்செருகலா, மூலத்திலேயே இருந்து விடுபட்டதா என்பது பற்றி ஒரு கருத்தரங்கம் கூட்டலாம். மதிய உணவில் முட்டை இருப்பின் ஆள் சேரும். நமக்கு வேண்டியது இவ்வளவே: ஆயுத பூசைக்கு லாரியின் நெற்றியில் மாலையாகத் தொங்கும் அதே பூ, அந்த லாரியில் போகும் முட்டையின் உள்ளேயும் இருக்கலாம். கருவும் சான்றாகாது. தவிரவும், உடைத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு முட்டை மிஞ்சாது. இச்சிக்கலுக்குப் பின்னர் வருவோம்.

நிறமும் கருவும் விழுந்தபின் மீதமிருப்பது உரைமரபு. முட்டை மேசைமுன் நிற்கும் கார் ஒவ்வொன்றும் ஓர் உரையாசிரியர் கூட்டம். ஓட்டுநர் இருக்கையில் இருப்பவர் மூலத்தை மட்டும் பார்ப்பார், விலை கேட்பார், உரை சொல்லமாட்டார். முன்னிருக்கை உரை சுருக்கமானது, விலையைக் குறைப்பதையே நோக்கமாகக் கொண்டது. பின்னிருக்கை உரையே விரிவானது, மேற்கோள் மிகுந்தது. நாட்டு முட்டை என்றால் கையில் எடுக்கும்போதே கனமாக இருக்கும் (காண்க: பெரியம்மா, வாய்மொழி, கரூர் தாண்டியதும்). இல்லை, இலேசாக இருக்கும் (காண்க: மேற்படி பெரியம்மா, மேற்படி இருக்கை, திண்டுக்கல் நெருங்கும்போது). காதருகே வைத்துக் குலுக்கினால் சத்தம் வரக்கூடாது (பெரியப்பா, பெரியம்மாவை மறுத்து, பிற்பாடு பெரியம்மாவே தம் கருத்தாக எடுத்தாண்டது). தண்ணீரில் போட்டால் அமிழ வேண்டும், மிதந்தால் பழசு (சித்தி, தம் மாமியார் சொன்னதாக, மாமியார் தம் நாத்தனார் சொன்னதாக, நாத்தனார் பற்றிய சான்றுகள் குடும்பச் சண்டையில் அழிந்தன, ஒரு சுவடியில் ‘தண்ணீர்’ என்பதற்கு ‘உப்புத் தண்ணீர்’ என்று பாடபேதம் உண்டு, அதனை யாம் ஏற்கவில்லை, காரணம் சித்தி அப்போது தூக்கத்தில் இருந்தார்). இவற்றுள் கடைசி இரண்டும் உண்மையே. முட்டை பழசாக ஆகக் காற்றறை பெருக்கும், குலுங்கும், மிதக்கும். ஆனால் இவை முட்டையின் வயதைச் சொல்லுமே தவிர, தாயின் குலத்தைச் சொல்லா. புதுமையை அளக்க உலகம் நெடுநாளாகக் கையாள்வது ரேமண்ட் ஹாவ் 1937இல் தந்த அளவை. முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றி, கெட்டி வெள்ளைக்கருவின் உயரத்தை எடையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். 72க்கு மேல் வந்தால் அமெரிக்கத் தரப்பட்டியலில் முதலிடம். நாமக்கல்லில் காலையில் இட்ட முட்டை இதில் எளிதாகத் தேறும். மேசையில் வெயிலில் நாலு நாள் இருந்த நாட்டு முட்டை தேறுமா என்று கேட்டால் பின்னிருக்கையில் அமைதி நிலவும்.

இனிச் சான்றழுக்கு. இதுவே எம் ஆய்வின் இதயம் என்பதால் வாசகர் பொறுத்தருள வேண்டும். சாலையோர முட்டையின் மேல் காணப்படும் சான்றழுக்கை ஐந்தாகப் பகுக்கலாம்: வைக்கோல், உமி, மண், இறகு, எச்சம். இவற்றுள் உமி இன்று அருகிவிட்டது. மண் பற்றி விவாதம் உண்டு. செம்மண்ணா கரிசலா என்று பார்த்தால் முட்டையின் ஊரைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது மண்ணியலார் ஆசை. வைக்கோல் தனித்த ஆய்வுக்குரியது. முட்டைத் தட்டில் பரப்பிய வைக்கோல் வேறு, முட்டையில் ஒட்டிய வைக்கோல் வேறு. பரப்பிய வைக்கோல் அலங்காரம். முட்டையின் மேல் விரல்நீளத் துணுக்கொன்று, இட்டபோது இருந்த ஈரத்தில் ஒட்டிக் காய்ந்து, நகத்தால் சுரண்டினாலும் வராமல் நின்றால் அது ஆவணம். இறகு அரியது. சாம்பல் நிறத்தில் சுண்டுவிரல் நகமளவு இறகொன்று ஓட்டின் கூர்முனையில் ஒட்டியிருக்கும் முட்டையை வாங்குவோர் கையில் எடுத்துத் திருப்பி, அருகிலிருப்பவருக்கும் காட்டி, பேசாமல் பையில் வைப்பார்கள். அதற்குப் பின் அந்தத் தட்டில் உள்ள மற்ற முட்டைகளுக்குச் சோதனை இல்லை. செப்பேட்டில் ஒரு முத்திரை சரியாக இருந்தால் அதிலுள்ள அரசன் புகழ் முழுவதையும் நம்பிவிடும் கல்வெட்டறிஞர்களின் முறைமையே இது என்பதைச் சொல்லாமல் விடுவதே மரியாதை.

எச்சத்தின் நிலை நுட்பமானது. எச்சம் இல்லாத முட்டை சந்தேகத்துக்குரியது. எச்சம் அப்பிய முட்டை அருவருப்புக்குரியது. இவ்விரண்டுக்கும் நடுவே, கரும்பழுப்புக் கீற்றொன்று வெள்ளை நுனியோடு ஓட்டின் ஒருபுறமாக இழுபட்டுக் காய்ந்திருக்கும் நிலையே செவ்வியல் நிலை. அதுவும் எல்லா முட்டையிலும் இருந்தால் கோழிக்கு வயிறு சரியில்லை என்ற வேறு ஆய்வு தொடங்கிவிடும். ஒரு தட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்க வேண்டும். இந்த விகிதம் எந்தக் கையேட்டிலும் இல்லை. ஆயினும் சாலை நெடுக ஒரே சீராகப் பின்பற்றப்படுகிறது. இதை எதேச்சை என்பதா, மரபு என்பதா? விற்பவர் முட்டையைத் துடைக்காமல் விட்டார் என்பது ஒரு விளக்கம். எவற்றைத் துடைக்காமல் விடுவது என்று தேர்ந்தார் என்பது இன்னொரு விளக்கம். மேற்கோள் காட்டும்போது எதைத் துடைத்து எதை விடுவது என்பதை அறிந்த எம் போன்றோர்க்கு இரண்டாவது விளக்கமே இயல்பாகப் படுகிறது. ஆனால் சான்றழுக்கின் உண்மையான புதிர் வீட்டுக்குப் போனபின்தான் வெளிப்படும். வீட்டுக்குள் நுழைந்ததும் அம்முட்டைகளுக்கு நடக்கும் முதல் காரியம் என்ன? குழாயடியில் கழுவுவது. வைக்கோல் போயிற்று, இறகு போயிற்று, கீற்று போயிற்று. மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கிய ஆவணத்தை ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு, வெறும் முட்டையைக் குளிர்பெட்டியில் அடுக்குகிறார்கள். அங்கே முன்பே இருந்த கடை முட்டை ஒன்று பழுப்பு நிறமாக இருந்துவிட்டால், இரண்டையும் பிரித்தறிய இனி எந்த உரையாசிரியராலும் இயலாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய இயற்கைப் படலம் கழுவும்போது போய்விடும், நுண்துளைகள் திறந்துவிடும் என்று அறிவியல் வேறு அச்சுறுத்துகிறது. அமெரிக்காவில் அரசுத் தரமுத்திரை பெறும் முட்டையைக் கழுவியே விற்க வேண்டும், ஐரோப்பிய ஒன்றியத்தில் முதல்தர முட்டையைக் கழுவவே கூடாது என்று இரு வேறு சட்டங்கள் நிற்பதற்கு இப்படலமும் ஒரு காரணம். நம் வீடுகளில் இரு கொள்கைகளும் இணக்கமாக வாழ்கின்றன: வாங்கும்வரை ஐரோப்பா, வாங்கியபின் அமெரிக்கா.

உயிருள்ள சான்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆய்வு நிறைவுறாது. பல கடைகளில் மேசைக் காலில் சணல் கயிற்றால் ஒரு கோழி கட்டப்பட்டிருக்கும். அது முட்டைகளின் தாய் என்று யாரும் சொல்வதில்லை. அல்ல என்றும் சொல்வதில்லை. அது சும்மா நிற்கும், மண்ணைக் கிளறும், கார்க்கதவு திறக்கும் சத்தத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்க்கும். கணக்கு ஒன்று போடுவோம். மரபு வழி நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இடும். அடை உட்கார்ந்து குஞ்சோடு திரியும் காலத்தில் இடாது. நாளொன்றுக்கு மூன்று தட்டு, அதாவது 90 முட்டை, விற்கும் கடை ஒன்றைக் கற்பித்துக்கொண்டால், ஆண்டுக்கு 32,850 முட்டை வேண்டும். கோழிக்கு 70 என்று வைத்தால் ஏறக்குறைய 470 கோழிகள் தேவை. மீதி 469 எங்கே? ‘தோட்டத்துல மேயுதுங்க’ என்பது வழங்கும் விடை. தோட்டம் எங்கே என்றால் கை ஒரு திசையில் நீளும். அத்திசையில் அடிவானம் வரை எந்த மறைவும் இன்றி இருப்பதுண்டு. சான்றாதாரம் கேட்டால் ‘தனியார் சேகரிப்பில் உள்ளது’ என்று அடிக்குறிப்பு போட்டுவிட்டு அடுத்த பக்கம் போய்விடும் ஆய்வாளர்கள் இந்தக் கை நீட்டலில் குற்றம் காண உரிமையற்றவர்கள்.

மறுப்புகளுக்கு வருவோம். முதல் மறுப்பு வலுவானது. கடைக்காரர் தாமே கோழி வளர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில் கம்பிக்கூடை கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், வீட்டுக்கு நாலும் ஐந்துமாக வாங்கிவந்து கடைகளுக்குத் தரும் வியாபாரிகள் உண்டு. ஆகவே 469 கோழிகளும் நூறு வீட்டுப் புறக்கடைகளில் சிதறியிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். இதை மனமார ஒப்புகிறோம்; உண்மையான நாட்டு முட்டை விற்கும் கடைகளும் இச்சாலையில் உண்டு என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் இம்மறுப்பு எம் கோட்பாட்டை வலுப்படுத்தவே செய்கிறது. முட்டை நூறு வீட்டிலிருந்து வந்ததென்றால், மேசைக்காலில் நிற்கும் கோழி அவற்றுள் எதற்கும் தாயன்று. அது சான்றுரைக்க மட்டுமே நிற்கிறது. நேர்மையான கடைக்கும் அந்தக் கோழி தேவைப்படுகிறது என்றால், விலை போவது எது என்பது வெளிப்படை. இரண்டாம் மறுப்பு சுவை. சுவை நாவின்கண் உள்ளது. நா காரில் வந்தவருடையது. அவர் மூன்று மடங்கு கொடுத்தவர். மேலே பேச்சில்லை. மூன்றாம் மறுப்பு, வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்களும் புறக்கடையில் மேய்ந்து பழுப்பு முட்டை இடுகின்றனவே, அவை நாடா, பண்ணையா என்பது. ஐதராபாத்தில் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவாக்கப்பட்டு நம்மூர்ப் புழுவைத் தின்னும் கோழியின் குடியுரிமை பற்றி முடிவு சொல்லும் தகுதி எமக்கில்லை.

நான்காம் மறுப்பு தமிழ் உணர்வாளரிடமிருந்து வரும் என்பதால் முன்கூட்டியே எதிர்கொள்கிறோம். நாட்டுக்கோழி தொன்மையானது, லெகார்ன் இத்தாலியிலிருந்து வந்தது, இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசலாமா என்பர். உலகக் கோழிகளுக்குப் பெருமளவு மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் காலுக்கும் மஞ்சள் தோலுக்கும் காரணமான மரபணு, தென்னிந்தியக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்தது என 2008இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. லெகார்னின் கால் மஞ்சள். ஆகவே நாமக்கல் கூண்டில் நிற்கும் லெகார்ன், மேற்குத் தொடர்ச்சி மலையின் பேத்தி, ஐரோப்பாவில் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறாள். கால் கருத்தோ வெளுத்தோ நிற்கும் நாட்டுக்கோழிகளுக்கு இந்தப் பெருமை இல்லை. ஒரு மரபணுவிலிருந்து ஓர் இனத்தின் வரலாற்றையே கட்டுவது முறையா என்று கேட்கலாம். ஒரு பானை ஓட்டிலிருந்து கட்டும்போது கேட்காதவர்கள் இப்போது கேட்கக்கூடாது. இலக்கணச் சான்று வேண்டுவோர்க்கும் ஒன்று தருகிறோம்: தொல்காப்பிய மரபியல் பறப்பனவற்றின் இளமைப்பெயராகப் பார்ப்பு, பிள்ளை என்று இரண்டைச் சொல்லி நிறுத்திக்கொண்டது. அவற்றுக்கு முந்திய நிலை நாட்டுக்கோழியினதா பண்ணையினதா என்று அங்கே மூச்சில்லை. இந்த மௌனத்தின்மேல் முந்நூறு பக்க முனைவர் பட்டம் ஒன்றைத் தாராளமாக எழுப்பலாம், விரும்புவோர்க்கு விட்டுக்கொடுக்கிறோம்.

முட்டையின் குலத்தை உறுதிசெய்ய எஞ்சியிருப்பது ஒரே வழி, அடைவைத்தல். பண்ணையில் சேவல் இல்லாததால் கூண்டுக்கோழியின் முட்டை கருவுறாதது. எத்தனை நாள் சூடு கொடுத்தாலும் பொரியாது. புறக்கடைக் கோழி சேவலோடு திரிவதால் அதன் முட்டை பொரிக்கும். ஆகவே வாங்கிய முட்டையை அடைக்கோழியின் கீழ் வைத்து 21 நாள் காத்திருந்தால் குஞ்சு வரும். குஞ்சு வந்தால் முட்டை உண்மையானது. சான்றழுக்கு வேண்டாம், காதுமடல் வேண்டாம், பெரியம்மா வேண்டாம். இம்முறையில் மூன்று சிறு குறைகள் உண்டு. ஒன்று, முட்டை உண்மையானது என்று நிறுவப்படும் நாளில் சாப்பிட முட்டை இராது. இரண்டு, பொரிக்காமல் போனால் அது பண்ணை முட்டை என்றும் சொல்ல முடியாது. சேவல் சோம்பேறியாக இருந்திருக்கலாம், காரின் குலுக்கலில் கரு கலைந்திருக்கலாம். மூன்று, அடைவைக்க ஒரு நாட்டுக்கோழி வேண்டும். அது உண்மையான நாட்டுக்கோழியாக இருக்க வேண்டும்; கூண்டு லெகார்னுக்கு அடை உட்காரும் குணம் வளர்ப்போரால் எப்போதோ நீக்கப்பட்டுவிட்டது. கார்க்காரர் மறுபடி மேசைக்கே வந்து, காலில் கயிற்றோடு நிற்பதைக் காட்டி விலை கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முட்டைக்கு வரும் விடை கடைக்குக் கடை மாறும், இதற்கு மாறாது.

“அதுங்களா? அது விக்கிறதுக்கில்லீங்க. இருக்கிறதே அந்த ஒண்ணுதான்.”